ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் எங்கே நழுவுகிறது: சிறு தொழிற்சாலைகளுக்கு முழுமையான வழிகாட்டி

கோவையைச் சுற்றியுள்ள எந்திரப் பட்டறைகளிலும் வார்ப்பாலைகளிலும் தரப் பிரிவுக் கோப்புகளோடு பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். தர நிர்வாக ஏற்பாட்டுக்குத் தரும் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை இழந்த பட்டறைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூடப் பொருள் மோசம் என்பதற்காக இழக்கவில்லை. ஒன்று, தேதி தவறியது. அல்லது போன வருடம் தணிக்கையாளர் எழுதிக் கொடுத்த குறை இந்த வருடமும் அதே மேசையில் அப்படியே கிடந்தது.

சான்றிதழ் வாங்குவதற்கு ஊரெல்லாம் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வாங்கியது எந்தெந்த இடத்தில் நழுவும், எந்த வரிசையில் வேலை பார்த்தால் நிற்கும், நழுவிவிட்டால் எங்கே பிடிப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வாகன உதிரிபாகத் துறையின் ஐஏடிஎஃப் 16949 விதிகள் இன்னும் கடுமையானவை. அதை இங்கே தொடவில்லை.

தொடங்குமுன் நான்கு சொற்கள். இடைநிறுத்தம் என்றால் சான்றிதழ் தற்காலிகமாகச் செல்லாது. எல்லைக் குறைப்பு என்றால் சான்றிதழ் இருக்கும், ஆனால் அதிலிருந்து ஒரு கிளையோ ஒரு வேலையோ நீக்கப்பட்டிருக்கும். திரும்பப் பெறுதல் என்றால் முடிந்தது. நான்காவது காலாவதி. அதை யாரும் பறிப்பதில்லை, தானாகப் போய்விடும். நான் பார்த்ததில் அதிகம் போனது அப்படித்தான்.

சான்றளிக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு விதிநூல் உண்டு: ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1, 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு. கீழே வரும் காலக்கெடுக்களில் பெரும்பாலானவை அதிலிருந்து வருபவை. தணிக்கையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவற்றை அவரால் தளர்த்த முடியாது. காபி வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

1. முதலில் ஐந்து காகிதங்களை எடுத்து வையுங்கள்

சான்றிதழ், அதை வழங்கிய முடிவுக் கடிதம், சான்றளிக்கும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், கடைசி இரண்டு தணிக்கை அறிக்கைகள், அந்த அறிக்கைகளில் இருந்த குறைகளுக்கு நீங்கள் எழுதிய பதில்கள்.

ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. குறையை எத்தனை நாளில் மூட வேண்டும், கட்டணம் தாமதமானால் என்ன ஆகும், முறையீடு எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதன் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. குறையை மூட ஒரு நிறுவனம் 30 நாள் தரும், இன்னொன்று 90 நாள் தரும். பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்ன நாளை நம்பி இருந்துவிடாதீர்கள்.

முடிவுக் கடிதம் எதற்கு என்றால், எல்லாக் கெடுக்களும் அதிலுள்ள தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன.

காகிதங்களை எடுக்கும்போதே, சான்றளிக்கும் நிறுவனத்திடம் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரி யாருடையது என்றும் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன தர மேலாளரின் சொந்த முகவரியாக அது இருப்பது சர்வ சாதாரணம். அறிவிப்புகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், அவருக்கு.

2. சான்றிதழ் கொடுத்தவருக்கு யார் சான்று என்று பாருங்கள்

ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலையை எழுதுகிறதே தவிர யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது சான்றளிக்கும் நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுக்க இன்னொரு அமைப்பு இருக்கிறது. இந்தியாவில் அது இந்திய தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி. பிரிட்டனில் யூகாஸ். உங்கள் சான்றிதழில் அப்படி ஓர் அங்கீகார அமைப்பின் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இது ஏன் இரண்டாவது படி? நீங்கள் எந்தத் தவறும் செய்யாமலேயே இந்த இடத்தில் சான்றிதழ் போகலாம். சான்றளிக்கும் நிறுவனம் தன் அங்கீகாரத்தை இழந்தாலோ கடையை மூடினாலோ, 6 மாதத்துக்குள் அல்லது உங்கள் சான்றிதழ் காலாவதியாவதற்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள், வேறொரு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு மாறியிருக்க வேண்டும். அந்தச் செய்தி உங்களுக்கு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் மீதி இருப்பது மூன்று மாதம்.

ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கீகார அமைப்பின் இணையதளத்தில் உங்கள் சான்றளிக்கும் நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா, உங்கள் தொழில்பிரிவுக்கு அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

3. தேதிகளைச் சுவரில் எழுதுங்கள்

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். முடிவுக் கடிதத்தின் தேதி 2024 மார்ச் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கண்காணிப்புத் தணிக்கை (சான்றிதழ் கையில் இருக்கும்போதே வந்து பார்ப்பது) 2025 மார்ச் 14-க்குள் நடந்திருக்க வேண்டும். 12 மாதம் என்பது அந்த முதல் தணிக்கைக்கு உச்சவரம்பு. அடுத்தது 2026-ஆம் காலண்டர் ஆண்டுக்குள். சான்றிதழ் முடிவது 2027 மார்ச் 13.

புதியவர்கள் வழுக்கி விழுவது முதல் தேதியில்தான். முடிவு மார்ச்சில் எடுக்கப்பட்டிருக்கும். சான்றிதழ் கூரியரில் ஏப்ரல் கடைசியில் வந்திருக்கும். மாலை போட்டுப் படம் எடுத்த நாள் நினைவில் நிற்கும். "ஏப்ரலில்தானே வாங்கினோம்" என்று மே மாதம் தணிக்கைக்குத் தேதி கேட்பார்கள். அப்போது கெடு தாண்டி ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உரிய இடைவெளியில் தணிக்கைக்கு இடம் கொடுக்காதது இடைநிறுத்தத்துக்குப் போதுமான காரணம். வேறு எந்தக் குறையும் தேவையில்லை.

சான்றிதழைப் புதுப்பிக்கும் மறுசான்றளிப்புத் தணிக்கையை 2027 மார்ச் முதல் வாரத்தில் வைத்துக்கொள்வது அடுத்த பிழை. தணிக்கை முடிந்தால் போதாது. பெரிய குறை ஏதாவது வந்தால் அதைச் சரிசெய்து, அவர்கள் சரிபார்த்து, மறுசான்றளிப்பு முடிவும் எடுத்திருக்க வேண்டும். எல்லாம் 2027 மார்ச் 13-க்குள். ஆகவே 2026 டிசம்பரிலோ ஜனவரி முதல் பாதியிலோ தணிக்கையை வையுங்கள். பொங்கல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது ஆளே இருக்காது.

அதே காரணத்தால் 2026-இன் கண்காணிப்புத் தணிக்கையை வருடக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தள்ளினால் ஒரே மாதத்தில் இரண்டு தணிக்கைகள், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்.

பதிப்பு மாறும்போதும் ஒரு தேதி வரும். 2015 பதிப்பு வந்த பிறகு, பழைய 2008 பதிப்பின் சான்றிதழ்களுக்கு 2018 செப்டம்பர் 15 வரைதான் உயிர் இருந்தது. மூன்று வருட அவகாசம் இருந்தும் கடைசி மூன்று மாதத்தில்தான் பலர் ஓடினார்கள். தணிக்கையாளர் கிடைக்கவில்லை.

4. மாற்றம் நடந்தால் உடனே எழுதுங்கள்

உரிமையாளர் மாறினால், பங்குக் கூட்டு தனியார் நிறுவனமாக மாறினால், பட்டறை இடம் மாறினால், புதிய கிளை திறந்தால், செய்யும் வேலையின் எல்லை மாறினால் சான்றளிக்கும் நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

கணபதியில் வாடகைக் கொட்டகையில் இருந்த பட்டறை குறிச்சி சிட்கோவுக்குப் போகிறது. ஜிஎஸ்டி முகவரி மாறும், மின் இணைப்பு மாறும், லெட்டர்ஹெட் மாறும். சான்றிதழில் மட்டும் கணபதி இருக்கும். அடுத்த தணிக்கையின்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். சான்றிதழ் என்பது ஒரு முகவரியில் நடக்கும் ஓர் ஏற்பாட்டுக்குக் கொடுத்தது. அந்த முகவரியில் இப்போது வேறொருவர் மாவு மில் வைத்திருந்தால் உங்கள் கையில் இருப்பது எதற்கான சான்றிதழ்?

ஒரு மின்னஞ்சல் போதும். சில சமயம் சிறப்புத் தணிக்கைக்கு ஒரு நாள் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

5. உள் தணிக்கை முன்னே, மேலாண்மை ஆய்வு பின்னே

ஒவ்வொரு கண்காணிப்புத் தணிக்கையிலும் கட்டாயம் பார்க்கப்படுபவை சில உண்டு: உள் தணிக்கை (நமக்கு நாமே செய்துகொள்வது), மேலாண்மை ஆய்வு (நிர்வாகம் கூடிப் பார்க்கும் கூட்டம்), போன முறைக் குறைகள் மீது எடுத்த நடவடிக்கை, வாடிக்கையாளர் புகார்கள், நிறுவனத்தில் நடந்த மாற்றங்கள், சான்றுச் சின்னத்தைப் பயன்படுத்தும் விதம். எந்த வருடமும் இவை விடுபடாது. ஆகவே தயாரிப்பும் இவற்றிலிருந்து தொடங்கட்டும்.

உள் தணிக்கையின் முடிவுகள் மேலாண்மை ஆய்வுக் கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டியவை. கூட்டம் ஜூன் 5, உள் தணிக்கை ஜூன் 20 என்று இருந்தால் கூட்டத்தில் எதைப் பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும். முதலில் உள் தணிக்கை, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கூட்டம், அதற்குப் பின் குறைந்தது ஒரு மாதம் கழித்து வெளித் தணிக்கை. கூட்டத்தில் முடிவெடுத்தவற்றில் சிலவாவது நடந்திருக்க அந்த ஒரு மாதம் வேண்டும்.

தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. கொள்முதல் பார்ப்பவர் உற்பத்தியைப் பார்க்கட்டும், உற்பத்தி ஆள் கொள்முதலைப் பார்க்கட்டும். எட்டுப் பேர் உள்ள பட்டறையிலும் இது முடியும்.

இந்த இடத்தில் பொய் எழுதுவதுதான் பெரிய ஆபத்து. ஒருமுறை தணிக்கையாளர் கூட்டக் குறிப்பைப் படித்துக்கொண்டே கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்தார். பிறகு வருகைப் பதிவேட்டைக் கேட்டார். குறிப்பில் போட்டிருந்த தேதி ஆயுத பூஜை. பதிவேட்டில் அன்றைக்கு எல்லார் பெயருக்கும் நேரே சிவப்பு மையில் விடுமுறை. கூட்டத்தில் கலந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் ஒருவர், வேலைக்கே அடுத்த மாதம்தான் சேர்ந்திருந்தார். தணிக்கையாளர் எதையும் சத்தமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதன் தேதியைத்தான் முதலில் பார்த்தார்.

கூட்டம் நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். அது ஒரு குறையாகப் பதிவாகும். பொய்ப் பதிவு என்று தெரிந்தால், மற்ற எல்லாப் பதிவுகளின் மேலும் சந்தேகம் விழும்.

6. காலிபரேஷன் சான்றிதழைக் கோப்பில் போடுமுன் படியுங்கள்

நான் அதிகம் பேர் விழப் பார்த்த பள்ளம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அளவுக் கருவிகளைக் காலிபரேஷனுக்காக, அதாவது துல்லியத்தைச் சோதிக்க, வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். திரும்பி வரும்போது ஸ்டிக்கர் ஒட்டி, சான்றிதழோடு வரும். ஸ்டிக்கரில் அடுத்த தேதி இருக்கும். சான்றிதழ் நேராகக் கோப்புக்குப் போகும். தணிக்கையாளர் ஸ்டிக்கரைப் பார்ப்பார், தேதி சரி, போய்விடுவார் என்று நம்புகிறோம்.

அப்படி ஒரு கோப்பைத் திறந்த தணிக்கையாளர், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஒன்றின் சான்றிதழில் விரலை வைத்தார். பட்டறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட அனுமதிப் பிழை 4 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). சான்றிதழில் 20 மி.மீ. அளவில் 11 மைக்ரான் குறைவாகக் காட்டியிருந்தது. ஸ்டிக்கர் புத்தம் புதிது. கருவி லேத்தின் பக்கத்தில் வேலையில் இருந்தது.

அந்த மைக்ரோமீட்டரால் பார்த்துக்கொண்டிருந்தது 20 மி.மீ. எச்6 ஷாஃப்ட். அதற்கு அனுமதிக்கப்பட்ட முழு இடைவெளியே 13 மைக்ரான், 19.987-லிருந்து 20.000 வரை. கருவி 11 மைக்ரான் குறைத்துக் காட்டினால், உண்மையில் 20.008 இருக்கும் ஷாஃப்ட் 19.997 என்று காட்டும். நல்ல பொருள் என்று தட்டில் போடுவான் ஆப்பரேட்டர். அவன் மேல் தவறே இல்லை.

தணிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி. "இதை வைத்துப் பார்த்து அனுப்பிய பொருள்களைப் பற்றி என்ன முடிவெடுத்தீர்கள்?" பதில் இல்லை. கருவி பழுதானது குறையாக எழுதப்படவில்லை. கருவிகள் பழுதாகத்தான் செய்யும். பழுதானது தெரிந்தும் முந்தைய அளவீடுகள் செல்லுமா என்று பார்க்காததுதான் எழுதப்பட்டது, பெரிய குறையாக. தரநிலையின் 7.1.5.2 பிரிவு அதைத்தான் கேட்கிறது.

பல காலிபரேஷன் சான்றிதழ்களில் தேர்ச்சி, தோல்வி என்று எழுதியே இருக்காது. அளவுகளும் அவற்றின் நிச்சயமின்மையும் மட்டும் இருக்கும். ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவு உங்களுடையது. ஆகவே வரிசை இது: சான்றிதழ் வந்த அன்றே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியின் பிழையையும் அனுமதிப் பிழையோடு ஒப்பிட்டு, சான்றிதழின் ஓரத்திலேயே "ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதன் பிறகே கருவி பட்டறைக்குள் போக வேண்டும்.

எல்லை தாண்டியிருந்தால் கருவிக்குச் சிவப்புச் சீட்டு. பிறகு அது கடைசியாகச் சரியாக இருந்த நாள் எது என்று தேடுங்கள். அந்த நாளிலிருந்து எந்தெந்தப் பொருளை அதனால் அளந்தோம் என்று பட்டியல் போடுங்கள். கையிருப்பை நல்ல கருவியால் மறுபடி அளங்கள். அனுப்பியதில் சந்தேகம் இருந்தால் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். கசக்கும், ஆனால் அவரே கண்டுபிடிப்பதைவிட நல்லது.

கடைசியாகச் சரியாக இருந்த நாள் போன வருடக் காலிபரேஷன் என்றால் ஒரு வருட உற்பத்தி முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மாதம் ஒருமுறை ஸ்லிப் கேஜை (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்து நீங்களே பார்த்து எழுதி வைத்திருந்தால் சந்தேகம் ஒரு மாதத்தோடு நிற்கும். இந்த இடைச் சோதனைக்கு ஒரு கருவிக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

7. ஆள்களின் சான்றிதழ் தனியாக ஓடுகிறது

நிறுவனத்தின் சான்றிதழ் மூன்று வருடத்துக்கு என்றாலும் உள்ளே வேலை செய்பவர்களின் தகுதிக்கு வேறு கடிகாரம்.

வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவுப்படி, ஒரு வெல்டர் ஒரு குறிப்பிட்ட முறையில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்யாவிட்டால் அந்த முறையில் அவருடைய தகுதி காலாவதியாகிவிடும். இருபது வருட அனுபவம் இருந்தாலும் இதே கதைதான். ஆர்கான் வெல்டிங்கில் தேர்வானவர் எட்டு மாதம் ஆர்க் வெல்டிங் மட்டும் செய்துகொண்டிருப்பார். திடீரென்று ஆர்கானில் செய்ய வேண்டிய ஒரு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாய் வேலை வரும். கோப்பில் அவருடைய தேர்வுச் சான்று பளபளவென்று இருக்கும், செல்லாது.

இதற்கு ஒரு தொடர்ச்சிப் பதிவேடு போதும். வெல்டர் பெயர், முறை, கடைசியாகச் செய்த வேலையின் எண், தேதி. ஐந்தாவது மாதம் நெருங்கும்போது அந்த முறையில் ஒரு சிறு வேலை கொடுத்து எழுதிவிடுங்கள். விட்டுவிட்டால் மறுபடி சோதனைத் துண்டு வெல்டிங் செய்து தேற வேண்டும். அதற்குச் செலவும் நாளும் அதிகம்.

பொருளை உடைக்காமல் விரிசல் தேடும் அல்ட்ராசோனிக், டை பெனட்ரன்ட் சோதனை செய்பவர்களுக்கு வருடாந்திரக் கண் பரிசோதனை கட்டாயம். முடி போன்ற விரிசலைப் பார்க்க வேண்டிய கண் அது. சான்று ஐந்து வருடத்துக்கு இருந்தாலும் கண் பரிசோதனைச் சீட்டு பதினான்கு மாதம் பழையது என்றால் அவர் கையெழுத்திட்ட அறிக்கைகள் கேள்விக்குள்ளாகும். வெளியிலிருந்து சோதனைக்கு ஆள் கூப்பிடுபவர்கள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. சான்றின் நகலோடு கண் பரிசோதனையின் நகலையும் கேளுங்கள்.

8. சின்னத்தை எங்கே போடக் கூடாது

பொருளின் மேல் போடக் கூடாது. பொருளின் பெட்டியில் போடக் கூடாது. நீங்கள் தரும் சோதனை அறிக்கைகளிலும் போடக் கூடாது. ஐஎஸ்ஓ 9001 உங்கள் நிர்வாக ஏற்பாட்டுக்குக் கொடுத்த சான்று; பம்பின் மேல் அதை அச்சிட்டால் பம்புக்கே சான்று கிடைத்ததுபோல ஆகிவிடும்.

லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, இணையதளம் ஆகியவற்றில் போடலாம், சான்றளிக்கும் நிறுவனத்தின் விதிப்படி. அட்டைப்பெட்டி அச்சகத்துக்குப் பழைய வடிவமைப்பு போய்விட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பெட்டி அச்சாகி வந்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த கதை எனக்குத் தெரியும்.

9. குறை எழுதப்பட்ட பிறகு

பட்டறையில் இதை "என்சி" என்பார்கள். சிறியது மைனர், பெரியது மேஜர். ஏற்பாட்டின் அடிப்படைத் திறனையே பாதிப்பது மேஜர். ஒரே விதியின் கீழ் பல மைனர்கள் சேர்ந்தாலும் மேஜர் ஆகலாம். போன வருட மைனர் இந்த வருடமும் இருந்தால் பெரும்பாலும் மேஜராகத்தான் எழுதுவார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது: சரிசெய்துவிட்டதாக எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே.

பதில் எழுதுவதற்கு ஒரு வரிசை உண்டு. பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு மைனரை வைத்தே காட்டுகிறேன்: லேத்தின் பக்கத்தில் பழைய திருத்த எண் கொண்ட வரைபடம் தொங்கியது.

முதலில் கையில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். பழைய வரைபடத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் இந்தப் படி முடிந்தது. பலருடைய பதில் இங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, இது இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். மற்ற எந்திரங்கள், ஃபோர்மேன் மேசை டிராயர், ஜாப் வொர்க் கொடுத்த வெளிப் பட்டறை. அந்த உதாரணத்தில் இன்னும் மூன்று பழைய வரைபடங்கள் கிடைத்தன. வெளிப் பட்டறையில் இருந்ததுதான் மிகப் பழையது.

பிறகு காரணம். "பணியாளரின் கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள். தணிக்கையாளர்கள் இதைப் படித்துச் சலித்தவர்கள். இங்கே நடந்தது என்னவென்றால், வாடிக்கையாளர் புதிய வரைபடத்தை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், முதலாளி ஃபோர்மேனுக்கு அனுப்புவார், அவர் அச்செடுத்து மாட்டுவார். பழையதைத் திரும்ப வாங்குவது யாருடைய வேலையும் இல்லை. காரணம் அதுதான்.

காரணம் கிடைத்தால் நடவடிக்கை தானாக வரும். பழைய வரைபடத்தைக் கொடுத்தால்தான் புதியது என்று அலுவலகத்தில் ஒருவரிடம் பொறுப்பு கொடுத்தார்கள். ரேஷன் கடையில் சாக்கைத் திருப்பி வாங்குவதுபோல. அதற்கு ஒரு பதிவேடு.

கடைசியாக, அது வேலை செய்கிறதா என்று இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து எழுதுங்கள். இந்த ஒரு வரி கோப்பில் இருந்தால் அடுத்த தணிக்கையில் அந்தக் குறையைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.

"பயிற்சி அளிக்கப்பட்டது" என்ற பதிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்குத் தெரியாததால் தவறு நடந்திருந்தால் மட்டுமே பயிற்சி மருந்தாகும். தெரிந்தவரே செய்த தவறுக்குப் பயிற்சி கொடுத்துக் கையெழுத்து வாங்குவதால் ஒன்றும் மாறாது. அடுத்த வருடம் அதே இடத்தில் நிற்பீர்கள்.

10. இடைநிறுத்தக் கடிதம் வந்துவிட்டால்

முதலில் காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: தணிக்கைத் தேதி தவறியது, மேஜர் மூடப்படவில்லை, கட்டணம் பாக்கி. தேதி என்றால் அன்றைக்கே தேதி கேட்டு எழுதுங்கள். கட்டணம் என்றால் கட்டிவிட்டு ரசீதை அனுப்புங்கள். மேஜர் என்றால் ஒன்பதாம் படிக்குப் போய் ஆதாரங்களோடு எழுதுங்கள். காரணம் எதுவென்று பார்க்காமல் மன்னிப்புக் கடிதம் எழுதுபவர்கள் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள்.

இரண்டாவது, சின்னத்தை இறக்குங்கள். இணையதளம், கொட்டேஷன் படிவம், மின்னஞ்சலின் அடிக்குறிப்பு. இடைநிறுத்தக் காலத்தில் சான்றிதழ் செல்லாது. அப்போது டெண்டரில் அந்த நகலை வைத்தால் அது பொய்ச் சான்று கொடுத்ததாகும். டெண்டரும் போய், தடைப்பட்டியலிலும் பெயர் ஏறலாம்.

மூன்றாவது, எந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் சான்றிதழ் நிபந்தனையாக இருக்கிறது என்று பார்த்து அவர்களுக்கு மட்டும் நீங்களே சொல்லுங்கள். காரணம் இது, சரிசெய்யும் தேதி இது என்று இரண்டு வரி.

நான்காவது, வேறு சான்றளிக்கும் நிறுவனத்துக்கு ஓடாதீர்கள். இடைநிறுத்தப்பட்ட சான்றிதழை மாற்றி எடுத்துக்கொள்ள அங்கீகாரம் பெற்ற எந்த நிறுவனத்துக்கும் அனுமதியில்லை. "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அவர்களுடைய அங்கீகாரத்தைப் பாருங்கள்.

முடிவு தவறு என்று உண்மையாகவே நினைத்தால் முறையிடலாம். தணிக்கை செய்தவரும் முடிவெடுத்தவரும் அதை விசாரிக்கக் கூடாது என்பது விதி. முறையிட்டதற்காகப் பிறகு உங்களை வேறு மாதிரி நடத்தவும் கூடாது. ஆனால் முறையீடு நடக்கும்போதே சரிசெய்யும் வேலையும் நடக்கட்டும். இடைநிறுத்தம் பெரும்பாலும் 6 மாதத்துக்கு மேல் நீளாது. அதற்குள் தீராவிட்டால் சான்றிதழ் திரும்பப் பெறப்படும் அல்லது எல்லை குறைக்கப்படும்.

குறை ஒரு பிரிவில் மட்டும் இருந்தால் எல்லைக் குறைப்பை நீங்களே கேட்கலாம். எந்திர வேலையில் எல்லாம் சரி, புதிதாகத் தொடங்கிய வெல்டிங் பிரிவுதான் தொல்லை என்றால், அதை மட்டும் விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். முதலாளிகள் இதற்கு ஒப்பவே மாட்டார்கள். ஒப்பியவர் ஒருவரைத் தெரியும். ஒன்றரை வருடத்தில் வெல்டிங்கையும் மறுபடி சேர்த்துக்கொண்டார்.

11. காலாவதியாகிவிட்டால்

முடியும் தேதி தாண்டிவிட்டால் நீட்டிப்பு என்று ஒன்று கிடையாது. ஆனால் 6 மாத வாசல் ஒன்று திறந்திருக்கிறது. அதற்குள் மறுசான்றளிப்பில் மீதியிருந்த வேலைகளை முடித்தால் சான்றிதழை மீட்டுக் கொடுக்கலாம். 6 மாதம் தாண்டினால் குறைந்தபட்சம், முதன்முதலில் சான்றிதழ் வாங்கும்போது நடந்த இரண்டாம் கட்டத் தணிக்கையை முழுமையாக மறுபடி நடத்த வேண்டும். நாளும் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

மீட்டுக் கொடுத்தாலும் இடையில் ஒரு பள்ளம் நிற்கும். நமது உதாரணத்தில், சான்றிதழ் 2027 மார்ச் 13-இல் முடிந்து, முடிவு ஜூன் 10-இல் எடுக்கப்பட்டால், புதியது செல்லத் தொடங்குவது ஜூன் 10-லிருந்து. முடியும் தேதி மட்டும் பழைய சுற்றின் கணக்கில் வரும். மார்ச் 14 முதல் ஜூன் 9 வரை நீங்கள் சான்று பெற்றவர் இல்லை. "முன்தேதி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் அடுத்துப் போவது அதன் அங்கீகாரம்தான். தொடர்ச்சியாகச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று கேட்கும் டெண்டர்களில் இந்தப் பள்ளத்தை மறைக்காமல் தேதிகளை அப்படியே கொடுங்கள்.

மீண்டும் கையில் வந்ததும், சான்றிதழ்களைத் தேடிச் சரிபார்க்கும் ஐஏஎஃப் செர்ட்சர்ச் என்ற சர்வதேச இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு சான்றிதழின் நகலைவிட அந்தத் தளத்தைத்தான் நம்புகிறது. பட்டறையில் புதுச் சான்றிதழ் மாட்டி இரண்டு மாதம் ஆகியும் அங்கே "இடைநிறுத்தம்" என்றே காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். திருத்தச் சொல்லிச் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மாறிய பிறகு அந்தப் பக்கத்தை அச்செடுத்து, முதல் படியில் சொன்ன ஐந்து காகிதங்களோடு ஆறாவதாக வையுங்கள்.